மலிவான ஹெட்லேம்ப்பின் வெளிச்சத்தைக் கூட்டுவது எப்படி?

மூன்று ட்ரிபிள் ஏ பேட்டரிகளில் எரியும், நெற்றியில் கட்டும் மலிவான ஹெட்லேம்ப்பைத் திறந்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஓர் எல்.இ.டி., ஒரு சுவிட்ச், ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவது அந்த ரெசிஸ்டர். அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேரடியாக இணைத்தால் வெளிச்சம் கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. கூடத்தான் செய்யும், ஆனால் நிலைக்காது. சூடு போக வழியில்லாத எல்.இ.டி. சில நிமிடங்களிலேயே மங்கத் தொடங்கும்; ஆயுளும் குறையும். அதனால் முதலில் சூட்டுக்கு வழி, பிறகுதான் மின்னோட்டம்.

ஒற்றை எல்.இ.டி.யும் சாதாரண சுவிட்சும் உள்ள விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பட்டனை அழுத்த அழுத்த நிலை மாறும் விளக்கு என்றால், எல்.இ.டி.யை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மல்டிமீட்டர், 40 முதல் 60 வாட் சால்டரிங் அயர்ன், வெப்பம் கடத்தும் பசை, 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு, வெப்பம் தாங்கும் டேப் ஆகியவை வேண்டும்.

படி 1: இப்போது எவ்வளவு ஓடுகிறது?

விளக்கை எரியவிட்டு, ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே வோல்ட்டேஜ் அளவிடுங்கள். அதை ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். ரெசிஸ்டர் 4.7 ஓம், வோல்ட்டேஜ் 0.8 என்றால் ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியர். எந்தக் கம்பியையும் வெட்டாமல் அளக்கலாம் என்பது இந்த வழியின் வசதி. பேட்டரித் தகடுகளில் துரு இருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சில விளக்குகளுக்கு அதுவே போதுமான வைத்தியம்.

படி 2: எல்.இ.டி.யை மாற்றுதல்

அதே மின்னோட்டத்தில் கூடுதல் வெளிச்சம் தரும் எல்.இ.டி.தான் செலவில்லாத லாபம். க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்பி-ஜி2 போன்றவை 350 மில்லி ஆம்பியரில் சுமார் 130 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தரும். நட்சத்திர வடிவ அலுமினியத் தட்டில் பொருத்தி வருவதையே வாங்குங்கள், வெறும் எல்.இ.டி.யைத் தொடக்கநிலையில் கையாள்வது சிரமம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் குறிப்பார்கள்; நீலம் பாய்ந்த 6500 கெல்வின் வெள்ளையைவிட 4000 முதல் 5000 கெல்வின் வரையிலான வெள்ளை கண்ணுக்கு இதமானது. லூமன் சற்றுக் குறைந்தாலும் என் தேர்வு அதுதான்.

நட்சத்திரத் தட்டில் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் குறி இருக்கும். ஐயம் இருந்தால் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரியின் இரு முனைகளையும் அந்தக் குறிகளில் தொடவைத்துப் பாருங்கள். சரியான திசையில் மட்டும் மங்கலாக ஒளிரும். நட்சத்திரத் தட்டை அலுமினியத் தகட்டில் ஒட்டுவதற்கு முன்பே கம்பிகளைப் பற்றவைத்துவிடுங்கள். ஒட்டிய பிறகு அலுமினியம் சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும்; ஈயம் உருகவே உருகாது.

படி 3: சூட்டுக்கு வழி

எல்.இ.டி.க்குப் போகும் மின்சக்தியில் பாதிக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் அது தங்கிவிடும். விளக்கின் முகப்பில் பொருந்துமாறு அலுமினியத் தகட்டை வெட்டி, முடிந்தால் அதன் ஒரு விளிம்பு வெளிக்காற்றில் படும்படி அமைத்து, நட்சத்திரத் தட்டை வெப்பப் பசையால் ஒட்டுங்கள். பசை மெல்லிய படலமாக இருந்தால் போதும். அள்ளிப் பூசினால் வெப்பம் கடத்துவதற்குப் பதிலாகத் தடையாகிவிடும்.

பளபளப்பான ரிஃப்ளெக்டரின் பூச்சு மின்சாரம் கடத்தும். அது பற்றவைத்த இடங்களில் படாதபடி டேப் ஒட்டுங்கள். ஒளிவட்டத்தின் நடுவே கரும்புள்ளி தெரிந்தால் எல்.இ.டி. சரியான உயரத்தில் இல்லை என்று பொருள். ரிஃப்ளெக்டரைச் சற்று ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

படி 4: ரெசிஸ்டருக்கு விடைகொடுத்தல்

ரெசிஸ்டரின் குறை இதுதான்: பேட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட், மூன்றுக்கும் சேர்த்து 3.6 வோல்ட். எல்.இ.டி. கிட்டத்தட்ட 3 வோல்ட்டைத் தனக்கென எடுத்துக்கொண்டால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது சொற்பம். ரீசார்ஜ் பேட்டரி போட்டதும் மலிவு விளக்குகள் மங்குவதற்குக் காரணம் இதுவே.

ஏஎம்சி7135 என்ற மூன்று கால் சிப் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. சுமார் 0.12 வோல்ட் மிச்சம் இருந்தாலே 350 மில்லி ஆம்பியரை நிலையாகச் செலுத்தும். ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, சுவிட்சைத் தாண்டி வரும் நேர்முனைக் கம்பியை எல்.இ.டி.யின் நேர்முனைக்கும், சிப்பின் விடிடி (மின்சாரம் பெறும்) காலுக்கும் கொடுங்கள். எல்.இ.டி.யின் எதிர்முனை சிப்பின் அவுட் காலுக்கு. நடுக்காலும் பின்புற உலோகமும் பேட்டரியின் எதிர்முனைக்கு. ஓரக்கால்கள் இரண்டில் எது எது என்பதைச் சிப்பின் தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளின் படத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகே பற்றவைக்கவும்.

இரண்டு சிப்களைப் பக்க இணைப்பில் (ஒரே பெயருள்ள கால்களை ஒன்றோடொன்று) இணைத்து 700 மில்லி ஆம்பியர் எடுக்கவும் முடியும். பிளாஸ்டிக் உடலுக்கும் ட்ரிபிள் ஏ பேட்டரிக்கும் அது அதிகம். மின்னோட்டம் இரட்டிப்பானாலும் கண்ணுக்கு இரு மடங்காகத் தெரியாது என்பதால் லாபமும் குறைவு. ஒரு சிப் போதும். 800 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எரியும்.

ஓர் எச்சரிக்கை. அதே அளவில் 10440 என்ற லித்தியம் பேட்டரி கிடைக்கிறது. மூன்றையும் போட்டால் முழுச் சார்ஜில் 12.6 வோல்ட். நெற்றியில் கட்டும் பொருளில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

படி 5: சோதனை

மூடுவதற்கு முன் பத்து நிமிடம் எரியவிட்டு, எல்.இ.டி.யை நேராகப் பார்க்காமல், அலுமினியத் தகட்டின் விளிம்பில் விரல் வையுங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் தகடு போதவில்லை. பெரிய தகடு போடுங்கள். விளிம்பு குளிர்ந்தே இருந்து வெளிச்சம் மட்டும் குறைந்துகொண்டே போனால் பசை சரியாகப் பிடிக்கவில்லை. பிரித்து மறுபடி ஒட்டுங்கள். தகட்டுக்காகக் கூட்டில் வெட்டிய இடத்தைச் சிலிக்கோன் பசையால் அடைத்து, ரப்பர் வளையத்தை மறக்காமல் திரும்பப் பொருத்தினால் விளக்கு தயார். மழையில் முன்பு தாங்கியது போல இனித் தாங்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.