எல்.டி.எல். 98 தானே என்று ரிப்போர்ட்டை மடித்து வைக்காதீர்கள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் தேடுவது எல்.டி.எல். என்ற ‘கெட்ட’ கொலஸ்ட்ரால் எண்ணைத்தான். அது 100-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு வரியில் கண் நிற்பதே இல்லை. நான் பெரிய தவறாக நினைப்பது இதைத்தான்.

ஒரு ரிப்போர்ட் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். என்ற ‘நல்ல’ கொலஸ்ட்ரால் 32, ட்ரைகிளிசரைடு 300, எல்.டி.எல். 98. (எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும்.) கல்லீரல் ட்ரைகிளிசரைடை வி.எல்.டி.எல். என்ற கொழுப்புத் துகள்களில் ஏற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. அவை பெருகும்போது சி.இ.டி.பி. என்ற புரதம் மூலமாக ஒரு பண்டமாற்று நடக்கிறது. ட்ரைகிளிசரைடு எச்.டி.எல்., எல்.டி.எல். துகள்களுக்குப் போகிறது; அவற்றின் கொலஸ்ட்ரால் வி.எல்.டி.எல். பக்கம் வருகிறது. அப்புறம் ஒரு கல்லீரல் நொதி அந்தத் துகள்களைக் கரைத்துச் சிறிதாக்குகிறது. சிறுத்த எச்.டி.எல். ரத்தத்தில் நிலைக்காமல் சீக்கிரம் வெளியேறுகிறது. பெரும்பாலும் எச்.டி.எல். 32 ஆக இறங்குவது இப்படித்தான். எல்.டி.எல். துகளும் சிறுத்து, குறைவான கொலஸ்ட்ராலையே சுமக்கிறது. ஆகவே 98 என்ற எண்ணுக்குப் பின்னால் துகள்கள் ஏராளமாக இருக்கலாம். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைவது அந்தத் துகள்கள்தான்.

பல லேப்களில் அந்த 98 அளந்ததும் அல்ல, கணக்குப் போட்டது: 190-இல் 32-ஐயும், 300-இல் ஐந்தில் ஒரு பங்கான 60-ஐயும் கழித்தது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. அதைவிட மொத்தத்தில் எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள். 158 வருகிறது; எல்.டி.எல்., வி.எல்.டி.எல். எல்லாம் சுமக்கும் கொலஸ்ட்ரால் இதில் அடக்கம். எல்.டி.எல். இலக்கு 100 என்றால் இதற்கு இலக்கு 130. இப்போது நிம்மதி வருமா?

அடுத்த தவறு சாப்பாட்டில். எண்ணெயைக் குறைத்தாயிற்று, முட்டை மஞ்சளைத் தொடுவதில்லை. ஆனால் தட்டு நிறையச் சோறு, நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மிஞ்சும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றுகிறது. மதுவும் அதை ஏற்றும்; ‘கொஞ்சம்தானே’ என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். கட்டுப்படாத சர்க்கரை நோயும் தைராய்டு குறைவும்கூட காரணமாக இருக்கலாம், அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி பயமும் சேர்கிறது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பரவும் கடும் வலி வந்தால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.