நாற்பது நொடி வீடியோ ஏன் சிரிக்க வைக்கிறது? ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் எந்த டீக்கடையில் நின்றாலும், ஒருத்தர் போனை நீட்டி "இதப் பாரேன்" என்று பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டிக்கொண்டிருப்பார். நாற்பது நொடி ஓடும். இரண்டு பேரும் சிரிப்பார்கள், டீயை முடித்துவிட்டுக் கிளம்புவார்கள். ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டால் "செம டைமிங்" என்று பதில் வரும். அந்த டைமிங் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவதுதான் இந்தப் பதிவு. ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு மணி நேரம் போதும். நடிப்போ எடிட்டிங்கோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: மூன்று தடவை பாருங்கள்

லைக் அதிகம் என்பதற்காக ஒரு வீடியோவை எடுக்காதீர்கள். நீங்கள் சிரித்ததாக இருக்க வேண்டும். முதல் தடவை சும்மா பாருங்கள். அடுத்த தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். மூன்றாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்துக் காதால் மட்டும் கேளுங்கள். சத்தமில்லாமலே சிரிப்பு வந்தால் அது முகத்திலும் உடம்பிலும் இருக்கிறது. கேட்டாலே வந்தால் பேச்சில் இருக்கிறது. தனித்தனியாக வராமல், சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் வந்தால், சொல்வது ஒன்று காட்டுவது ஒன்று என்கிற முரண்தான் அங்கே வேலை செய்கிறது.

படி 2: சொல்லாமல் விட்டதை எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். என் கைவசம் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது, அதையே வைத்துப் பார்க்கலாம்.

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு தெரு. தண்ணி லாரி வந்து நிற்கிறது. வரிசையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கத்துகிறாள்: "என் கொ..." போன் அடிக்கிறது. எடுக்கிறாள். குரல் தேனாகிறது. "வணக்கம் மிஸ். ஆமாங்க மிஸ். பாப்பா இதோ ஹோம்வொர்க்தான் எழுதிட்டிருக்கா மிஸ்." பாப்பா கவிழ்த்துப் போட்ட குடத்தின் மேல் உட்கார்ந்து குச்சி ஐஸ் தின்றுகொண்டிருக்கிறாள். போனை வைத்த அதே நொடி: "...டத்த எவ நவுத்தி வெச்சது?"

இதில் எதையெல்லாம் யாரும் விளக்கவில்லை என்று எண்ணிப் பாருங்கள். லாரி தினமும் ஒரே நேரத்துக்கு வராது. வரிசையில் ஆள் நிற்பதில்லை, குடம் நிற்கும். குடத்தை ஒரு சாண் நகர்த்தினால் கூட அது சண்டைக்குரிய விஷயம். மிஸ்ஸிடம் பேசும் குரல் வேறு, தெருவில் பேசும் குரல் வேறு. இவ்வளவும் பார்ப்பவருக்கு முன்பே தெரியும்.

சினிமா காமெடியில் ஆளை அறிமுகப்படுத்த, இடத்தைக் காட்ட, பிரச்சினையைச் சொல்ல நேரம் இருக்கிறது. குட்டி வீடியோவில் இல்லை. 2013இல் வந்த வைன் ஆப்பில் ஒரு வீடியோ ஆறு நொடிதான். நம் ஊரில் டிக்டாக் 2020 ஜூன் கடைசியில் தடை செய்யப்பட்டு, அதே வருஷம் ரீல்ஸும் ஷார்ட்ஸும் வந்தபோதும் எல்லாம் நொடிக் கணக்கில்தான் ஓடின. அவ்வளவு குறைந்த நேரத்தில் முடிச்சுப் போட முடியாது. அதனால் பார்ப்பவரின் நினைவில் ஏற்கெனவே விழுந்து கிடக்கும் முடிச்சை எடுத்து அவிழ்ப்பதோடு வேலை முடிகிறது. நல்ல வீடியோவைப் பார்த்ததும் "எங்க அம்மாவும் இப்டித்தான்" என்று வாயில் வருவது இதனால்தான்.

உங்கள் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் வீடியோ சொன்னது, இன்னொன்றில் சொல்லாமல் விட்டது. இரண்டாவது பத்தி நீளமாக இருக்கும்.

படி 3: திரும்புகிற நொடியைப் பிடியுங்கள்

வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். சிரிப்பு வந்த நொடியைக் குறித்துவிட்டு, அதற்கு முந்தின நொடியில் என்ன இருந்தது என்று பாருங்கள். நம் காட்சியில் அது தேன் குரல். அந்தக் குரலில் நாம் சண்டையை மறந்து இளகிப்போகிறோம், பாதியில் நின்ற சொல் மட்டும் எங்கோ தொங்கிக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதி வந்து விழும்போது சிரிக்கிறோம். போன் பேச்சு இரண்டே நொடி என்றால் நமக்கு இளக நேரமில்லை. அரை நிமிஷம் போனால் தொங்கிய சொல்லே மறந்துவிடும். ஏழெட்டு நொடி சரியாக இருக்கும். போனை வைத்ததற்கும் "டத்த" என்பதற்கும் நடுவே ஒரு மூச்சு விட்டால் கூட எல்லாம் போச்சு.

படி 4: சிரிப்புக்குப் பெயர் வையுங்கள்

இதற்குக் கருவி நம்மிடமே இருக்கிறது. மனசில் இருப்பது உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை, அதாவது சிரிப்பைத்தான் முதலில் வைக்கிறது. அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கேலி, சின்னப்பிள்ளைத்தனம், அறியாமை, கொண்டதை விடாத வெள்ளைத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் போனில் சேமித்து வைத்திருக்கும் வீடியோக்களை எடுத்து இந்த நான்கில் போட்டுப் பாருங்கள், அநேகமாக எல்லாமே எதிலாவது அடங்கிவிடும். குச்சி ஐஸ் பாப்பா இளமை. பாதிச் சொல்லைக் கூட விடாமல் பிடித்துவைத்து மறுபடி தொடங்குகிறாளே அந்தப் பெண், அது மடன். இவ்வளவு பழைய வகைப்பாடு தண்ணி லாரி வரிசைக்கு இப்படிப் பொருந்துவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

படி 5: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

எள்ளலை உரையாசிரியர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். நாம் பிறரை எள்ளுவது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நமக்கே சிரிப்பு வருவது இன்னொன்று. வடசென்னைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். லுங்கியைத் தூக்கிக் கட்டி, கையில் கத்தி கொடுத்து, "இன்னா நைனா" என்று ஒரு வரி பேசவிட்டால் வியாசர்பாடி ஆயிற்று, காசிமேடு ஆயிற்று என்று நினைத்து எடுக்கும் வீடியோக்கள் நிறைய. அவற்றில் தெருவும் இல்லை, ஆளும் இல்லை. கால்பந்துக்கும் கேரமுக்கும் பாக்சிங்குக்கும் பேர்போன இடங்களில் எடுக்கவா விஷயம் இல்லை? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை காசிமேட்டில் பத்து நிமிஷம் நின்றால் பத்து வீடியோவுக்குச் சரக்கு கிடைக்கும்.

நான் வைத்துப் பார்க்கும் சோதனை இதுதான்: வீடியோவில் காட்டப்படும் ஆளிடமே போனை நீட்டினால் அவர் சிரிப்பாரா? தண்ணி லாரிப் பெண் சிரிப்பாள். "நான் எங்கடி இப்டிக் கத்துனேன்" என்று கேட்டுக்கொண்டே சிரிப்பாள்.

பேச்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேஜார், கலீஜ், ஜல்தி எல்லாம் உருது வழியாக வந்தவை, நைனா தெலுங்கு, துட்டு டச்சுக்காரர்களின் காசு. துறைமுகத்து ஊர் பேசும் மொழி இது. அது தன்னாலேயே சிரிப்பு ஆகிவிடாது. ஆனால் குட்டி வீடியோவுக்கு அதில் ஒரு வசதி உண்டு: உயிரெழுத்தை விழுங்குகிறது. "தெரியவில்லை" என்பது ஐந்தெழுத்து தாண்டும். "தெர்ல" உதட்டை விட்டு வந்தவுடன் முடிந்துவிடும். அடி சீக்கிரம் விழுகிறது.

படி 6: ஒன்று எடுத்துப் பாருங்கள்

காலையில் மொட்டை மாடி போதும். போனை நிமிர்த்தி வைத்து எடுங்கள். இரண்டு பாத்திரத்தையும் ஒருவரே செய்யலாம்: தோளில் துண்டு போட்டால் அம்மா, எடுத்தால் பிள்ளை. துண்டு துண்டுதான் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே அம்மா என்று ஒத்துக்கொள்வதிலேயே பாதிச் சிரிப்பு. ஒரு பாத்திரம் இடது பக்கம் பார்த்துப் பேசினால் மற்றது வலது பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தரையொருத்தர் பார்ப்பது போல் இருக்காது.

"வணக்கம் நண்பர்களே" வேண்டாம். சண்டை நடுவிலேயே தொடங்குங்கள். பேசுகிறவர் முகத்தை மட்டும் எடுக்காமல் கேட்கிறவர் முகத்தையும் எடுத்து வையுங்கள், பல சமயம் சிரிப்பு அங்கேதான் கிடக்கும். எழுத்து போடுவதாக இருந்தால் கவனம்: முழு வரியும் திரையில் முதலிலேயே வந்துவிட்டால், வாய் சொல்வதற்கு முன் கண் படித்துவிடும். முக்கியமான சொல்லைத் தனியாக வெட்டி, சொல்லும் நொடியில் போடுங்கள். சிரிப்பு விழுந்ததும் நிறுத்திவிடுங்கள்.

என் காட்சிக்கு முடிவு இப்படி: சண்டை சூட்டில் இருவரும் கவனிக்கவில்லை, லாரி கிளம்பிவிடுகிறது. காலிக் குடத்தோடு இரண்டு பேர். "எக்கா, அட்த்த லோடு எப்ப?" "தெர்லமா. வூட்ல ரெண்டு கொடம் கீது, ஒண்ணு எட்த்துக்க."

எடுத்து முடித்ததும் எங்கும் ஏற்றிவிடாதீர்கள். வீட்டில் ஒருத்தரிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். எந்த நொடியில் உதடு அசைகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைத்த இடத்தில் அசையாமல் வேறு இடத்தில் அசைந்தால், அவர் சிரித்த இடத்துக்கு ஏற்ப மறுபடி வெட்டுங்கள்.