மெடிக்கல் வைக்கப் போறீங்களா? முதல்ல படியைப் பாருங்க

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய கட்டடத்தில் மருந்துக்கடை போடுகிறவர்களுக்கு முதல் தலைவலி வாசல்படிதான். வீட்டுக்குத் திண்ணை அழகு, ஆனால் முட்டிவலி மாத்திரை வாங்க வரும் ஆச்சி மூன்று படி ஏறி வர வேண்டுமா? சாய்தளம் போடுங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு, அதைக் குறைத்தால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். தெருவில் இடமில்லையா, பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள்.

சில்லறை உரிமத்துக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். அவ்வளவுதான் இருக்கிறது என்றால், அதிகம் போகிற சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மருந்தாளுநர் நின்ற இடத்திலிருந்தே, இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே கை எட்டுகிற மாதிரி வையுங்கள். நாள் முழுக்க ஸ்டூல் ஏறி இறங்குகிறவருக்குச் சீட்டைக் கவனமாகப் படிக்கத் தெம்பு இருக்காது. அகரவரிசையில் அடுக்குவது நல்லதுதான், ஆனால் பெயர் ஒரே மாதிரி ஒலிக்கும் மருந்துகள் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும், அவற்றை மட்டும் பிரித்துவிடுங்கள்.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும், உறையவும் கூடாது. அதனால் ஃபிரிட்ஜ் கதவில் வேண்டாம், ஃப்ரீசரை ஒட்டியும் வேண்டாம். மேற்கு வெயில் விழும் சுவரில் மருந்தே அடுக்காதீர்கள்.

அப்புறம் கவுன்டர். ஒரு ஓரத்தையாவது இரண்டரை அடிக்கு இறக்கி, கல்லாவிலிருந்து தள்ளி, முன்னால் ஒரு நாற்காலி போடுங்கள். கருத்தடை மாத்திரையோ மூல மருந்தோ, பின்னால் நிற்பவர் காதில் விழாமல் கேட்க அந்த ஒரு மூலை போதும்.