கடும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கு அரச கொடுப்பனவு பெறுதல்

இலங்கையில் வலுவிழந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு, 2025 ஏப்ரலில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இது உரியது. முதலில் கிராம உத்தியோகத்தரிடம் வதிவையும் வருமானத்தையும் உறுதிப்படுத்திக்கொண்டு, திருகோணமலை மாவட்டத்தில் மூதூரோ கிண்ணியாவோ குச்சவெளியோ, உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.

பெரும்பாலும் மருத்துவ அறிக்கையே தீர்மானிக்கிறது. “பெருமூளை வாதம்” என்று நோயின் பெயரை மட்டும் எழுதிய ஒற்றை வரி, பிள்ளையின் நிலையை அதிகாரிக்குப் புலப்படுத்தாது. தானாக உண்ண முடியுமா, நிற்க முடியுமா, மலசலகூடத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டுமா என்பனவற்றை அரசாங்க வைத்தியரிடம் விவரித்து, அவற்றையும் குறிப்பிடுமாறு தயங்காமல் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளையும் உடன் கொண்டுசெல்லுங்கள். விண்ணப்பத்தை ஒப்படைத்ததும், திகதியிட்ட பற்றுச்சீட்டையோ கையொப்பமிட்ட பிரதியையோ கேட்டு வாங்குங்கள்.