கர்ணன் மீம் வந்தால் என்ன செய்வது?

என் அக்கா மகன் தீவிரக் கர்ணன் கட்சி. கர்ணனின் மறுபிறவியாகப் பிரபாஸைக் காட்டிய ‘கல்கி 2898 ஏடி’ படம் 2024இல் வெளியானதிலிருந்து, கர்ணன்தான் அர்ச்சுனனைவிடப் பெரிய ஆள் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் மீம் மழைதான். “மாமா, இதுக்கு பதில் சொல்லுங்க பாப்போம்” என்பான். வாயைத் திறக்கும் முன் நான் செய்வது இதுதான்.

முதலில், எந்தப் பாரதம் என்று கேட்பேன். உயிர் போகிற நேரத்தில் புண்ணியம் முழுவதையும் கண்ணனுக்குத் தாரை வார்க்கும் கர்ணன், தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராரின் கர்ணன். 1964இல் சிவாஜி உருவில் நம் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான். வடமொழி வியாச பாரதத்தில் அந்தக் காட்சி இல்லை. அதனால் அது பொய்யாகிவிடாது. வில்லியின் கர்ணனைக் கொண்டு வியாசரின் அர்ச்சுனனை மட்டம் தட்டும்போதுதான் வம்பு.

அப்புறம் பருவத்தின், அதாவது பாரதத்தின் எந்தப் பெரும்பிரிவு என்பதன், பெயரைக் கேளுங்கள். பல மீம்கள் இங்கேயே படுத்துவிடும். கர்ணன் அர்ச்சுனனின் தேரைப் பின்னுக்குத் தள்ளியதைக் கண்ணன் மெச்சினானாம். எந்தப் பருவம் என்றால் பதில் வராது. பெயர் சொன்னால், கிசாரி மோகன் கங்குலியின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதன் தமிழாக்கமும் இணையத்தில் கிடைக்கின்றன. மீமில் உள்ள வரியை மட்டும் பார்க்காதீர்கள், அந்த அத்தியாயத்தையே படியுங்கள்.

சில இடங்களில் அதுவும் போதாது. சுயம்வரத்தில் திரௌபதி கர்ணனைச் சூதபுத்திரன், அதாவது தேரோட்டி மகன், என்று மறுக்கும் வரி கங்குலியில் இருக்கிறது. ஆனால் புனே பண்டார்கர் நிறுவனம் ஏடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட பதிப்பின் மூலபாடத்தில் அது இல்லை. இதைச் சொன்னதும் பையன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எதிர்க்கட்சியான அர்ச்சுனன் கட்சியையும் சும்மா விடக்கூடாது. விராட பருவத்தில் கர்ணன் தோற்றதையும், வன பருவத்தில் கந்தர்வர்களிடமிருந்து ஓடியதையும் படம் போட்டுப் பரப்புவார்கள். குந்திக்குக் கொடுத்த வாக்குக்காக, கையில் சிக்கிய தருமனையும் வீமனையும் உயிரோடு விட்டதைப் போட மாட்டார்கள்.

கடைசியாக, இரு கட்சியும் தொடாத இடத்தைத் தேடுங்கள். உத்யோக பருவத்தில் கர்ணனும் கண்ணனும் தனியே பேசுகிறார்கள். துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களைக் கடுஞ்சொல் சொன்னதற்காகக் கர்ணன் அங்கே வருந்துகிறான். அதை மீமாக்கினால் கர்ணன் கட்சிக்குச் சங்கடம்: சபையில் திரௌபதியின் ஆடையைக் களையச் சொன்னதும் கூடவே நினைவுக்கு வரும். அர்ச்சுனன் கட்சிக்கோ, கர்ணனுக்கு மனசாட்சி இருப்பதே இடைஞ்சல்.

நானே அதை ஒரு படமாக்கிக் குழுவில் போட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.