முதல் நகர்த்தலே விசித்திரமாக இருந்தால்: கறுப்புக் காய்களோடு நாம் செய்யும் தவறுகள்

மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ரேபிட் (வேகமாக ஆடும்) சதுரங்கப் போட்டி அது. ஜூன் மழை தகரக் கூரையில் கொட்டியதில், நடுவர் அறிவித்தது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. மூன்றாம் சுற்றில் எனக்குக் கறுப்பு. எதிரில் வேட்டி கட்டிய, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். கடிகாரத்தை அமுக்கினேன். அவர் ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். சதுரங்கக் குறிப்பில் இது 1.ஜி4: முதல் எண் எத்தனையாவது நகர்த்தல் என்பது, ஜி4 காய் போய் நிற்கும் கட்டம்.

நான் டி5 வைத்தேன். அவர் மந்திரியை (பிஷப்பை) ஜி2-க்குக் கொண்டுவந்தார். என் மந்திரி பாய்ந்து ஜி4 சிப்பாயை வெட்டியது. சும்மா கிடைத்த சிப்பாய்! அவர் கொஞ்சமும் அலட்டாமல் சி4 தள்ளினார். அதுவும் சும்மா கிடைப்பதுபோல இருந்தது. டி5 சிப்பாயால் அதையும் வெட்டினேன். ஜி2-இலிருந்து என் யானை வரை போகும் குறுக்குக் கோட்டை மறித்து நின்றது அந்த டி5 சிப்பாய்தான். கதவை நானே திறந்துவிட்டேன். அவருடைய மந்திரி பி7-ஐ வெட்டி, ஏ8 யானையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. யானைக்குப் பக்கத்தில் குதிரை, முன்னால் சிப்பாய், நகர வழியில்லை. நான்கே நகர்த்தலில் யானை போயிற்று, பதிலுக்கு மந்திரிதான் கிடைத்தது.

ஆட்டம் முடிந்தபின் மண்டப வாசலில் கட்டன் சாயாவோடு அவரிடமே கேட்டேன்: “சார், நான் இரண்டாவதாக சி6 வைத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?”

“எச்3 வைத்து ஜி4-ஐக் காப்பாற்றுவேன். நீ இ5 வைப்பாய். அப்புறம் உன் ஆட்டம்தான் மக்கா நன்றாக இருக்கும்.”

ஸ்விட்சர்லாந்துக்காரர் ஹென்றி கிராப் வாழ்நாள் முழுக்க ஆடிப் பார்த்து, அவர் பெயரிலேயே வழங்கும் தொடக்கம் இது. ஜி4 சிப்பாயை எடுப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்தபின் சி4 வந்ததும் சி6 வைத்து டி5-ஐத் தாங்கியிருந்தால் கறுப்புக்கு எந்தக் குறையும் இல்லை. என்னைக் கெடுத்தது கோபம். ‘இப்படி ஒரு நகர்த்தலை என்னிடமே வைக்கிறாரா’ என்று தோன்றியதும், அடுத்த ஐந்து நகர்த்தலுக்குள் அவரைத் தண்டித்தாக வேண்டும் என்று கை பரபரத்தது. வெள்ளை கிறுக்குத்தனமாகத் தொடங்கினால், முதலில் ஆடுவதால் கிடைக்கும் சிறிய சாதகத்தை விட்டுக்கொடுக்கிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். கறுப்பு சமநிலைக்கு வந்திருக்கிறது. வென்றுவிடவில்லை.

தண்டிக்கவே கூடாதா என்றால், தாராளமாகத் தண்டிக்கலாம், காய்கள் வெளியே வந்தபின். 1970-இல் பெல்கிரேடில் சோவியத் அணியும் மற்ற உலக நாடுகளின் அணியும் மோதின. முதல் பலகையில் டென்மார்க்கின் லார்சன் 1.பி3 வைத்தார். எதிரே உலக சாம்பியன் ஸ்பாஸ்கி. லார்சனின் ஒரு குதிரை எஃப்3, டி4, சி6 என்று மூன்று முறை தாவிவிட்டு வெட்டுப்பட்டது. அந்த நேரத்தில் ஸ்பாஸ்கி இரண்டு மந்திரிகளையும் வெளியே விட்டார், ராணியை இ7-இல் நிறுத்தினார், ஒன்பதாவது நகர்த்தலில் ராணிப் பக்கம் கோட்டையும் கட்டிவிட்டார் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்துவது). அதன்பிறகுதான் குதிரை ஜி4-க்குப் போனது, எச் சிப்பாய் ஓடியது, 14-ஆவது நகர்த்தலில் யானையை எச்1-இல் பலி கொடுத்தார். 17 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த யானைப் பலி. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய ஒன்பது நகர்த்தல்கள். அவற்றில் ஆர்ப்பாட்டமே இல்லை.

கோபத்துக்கு நேர் எதிரான தவறு பயம். நம் மாவட்டத்துப் பள்ளிப் போட்டிகளில் சின்னப் பிள்ளைகளிடம் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். 1.இ4 இ5 2.ராணி எச்5 என்று வந்ததும், ராணியை விரட்ட ஜி6 வைத்துவிடுகிறார்கள். ராணி இ5-ஐ வெட்டி செக் சொல்கிறது. கூடவே எச்8 யானையும் மாட்டுகிறது. முதலில் குதிரையை சி6-இல் வைத்து இ5-ஐத் தாங்க வேண்டும். வெள்ளை மந்திரி சி4-க்கு வந்து எஃப்7-ஐக் குறி வைக்கும்போதுதான் ஜி6-க்கு வேளை வருகிறது. அந்த இடத்தில் ராணியைத் தாக்கும் ஆசையில் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுபோனால் எஃப்7-இல் செக்மேட். ஜி6 வைத்து, ராணி எஃப்3-க்குத் திரும்பியபின் குதிரை எஃப்6-க்குப் போகட்டும். வரிசை மாறினால் உயிர் போகும். குழந்தை விளையாட்டு என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. 2005-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுரா இதையே நம் சென்னை கிராண்ட்மாஸ்டர் சசிகிரணுக்கு எதிராக வைத்தார். சசிகிரண் நிதானமாகக் காய்களை வெளியே கொண்டுவந்து, நீண்ட ஆட்டத்துக்குப் பின் வென்றார்.

பழக்கதோஷம் இன்னொரு வகை. எதிராளி எதை வைத்தாலும் குதிரை எஃப்6, ஜி6, மந்திரி ஜி7 என்று கை தானாகப் போகும் ஆட்டக்காரர்கள் நாகர்கோவிலில் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டம்தான். 1.பி3 குதிரை எஃப்6 2.மந்திரி பி2 ஜி6 என்று ஆடினால், வெள்ளை மந்திரி உடனே எஃப்6 குதிரையை வெட்டும். இ சிப்பாயால் திருப்பி வெட்ட வேண்டும்; எஃப் வரிசையில் இரட்டைச் சிப்பாய்கள். தோல்வி இல்லைதான், ஆனால் நாம் கனவு கண்ட ஆட்டம் அதோடு போயிற்று. 1.ஏ3-யும் அப்படித்தான். வீண் நகர்த்தல் என்று இ5 வைத்தால், வெள்ளை சி4 வைக்கும். நிறம் மாறிய சிசிலியன் அது (கறுப்பு ஆடும் சிசிலியன் தற்காப்பை வெள்ளை ஆடுவது), அதில் ஏ3 பயனுள்ள நகர்த்தல்! ஜெர்மானிய ஆட்டக்காரர் ஆண்டர்சன் 1858-இல் பாரிஸில் அமெரிக்கர் மார்ஃபியிடம் அடிமேல் அடி வாங்கியபோது, மூன்று ஆட்டங்களில் 1.ஏ3 வைத்து ஒரு வெற்றி, ஒரு டிரா எடுத்தார். இதற்கு டி5 அல்லது குதிரை எஃப்6 போதும்.

வேறு பாதைக்கு மாறிவிடும் தொடக்கங்களையும் கவனிக்க வேண்டும். 1.எஃப்4-க்கு இ5 என்று ஃப்ரோம் கேம்பிட் (கேம்பிட் என்றால் சிப்பாயைப் பலி கொடுத்துத் தொடங்குவது) ஆடுவது எனக்கும் பிடிக்கும். வெள்ளை அந்தச் சிப்பாயை எடுத்து, நாம் டி6 வைத்து, அதையும் எடுத்தால் மந்திரி டி6-இல் வந்து அமரும். உடனே ராணி எச்4 செக் என்ற மிரட்டல். அசந்தால் ஜி3-இல் செக்மேட். ஆனால் வெள்ளை எதையும் எடுக்காமல் 2.இ4 வைத்தால் பலகையில் இருப்பது கிங்ஸ் கேம்பிட். அது தெரியாதவர் 1...டி5 (மூன்று புள்ளி வந்தால் கறுப்பின் நகர்த்தல்) வைத்துக்கொள்வது நல்லது.

1.பி4-க்கு ஒராங்குட்டான் என்று பெயர் வந்த கதை சுவையானது. 1924 நியூயார்க் போட்டியின் நடுவே மிருகக்காட்சிசாலைக்குப் போன கிராண்ட்மாஸ்டர் டார்டகோவர், சூசன் என்ற ஒராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்து மரோட்ஸிக்கு எதிராக இதை ஆடினார். இங்கே பிள்ளைகள் செய்யும் தவறு கஞ்சத்தனம். 1...இ5 2.மந்திரி பி2 மந்திரி பி4-ஐ வெட்டுகிறது 3.மந்திரி இ5-ஐ வெட்டுகிறது. ‘நடுச் சிப்பாய் போய்விட்டதே’ என்று முகம் வாடுகிறது. பலகையைப் பாருங்கள். 3...குதிரை எஃப்6 வைத்தால் நம் பக்கம் இரண்டு காய்கள் வெளியே. அடுத்து கோட்டை கட்டலாம். வெள்ளைக்கு வெளியே இருப்பது, இரண்டு முறை நகர்ந்த ஒரே மந்திரி. ஓரச் சிப்பாய்க்கு நடுச் சிப்பாயைக் கொடுத்து நேரத்தை வாங்கியிருக்கிறோம்.

கேம்பிட்களில் இந்தக் கஞ்சத்தனம் இன்னும் ஆபத்து. டேனிஷ் கேம்பிட்டில் வெள்ளை இரண்டு சிப்பாய்களைத் தந்து, இரு மந்திரிகளையும் நம் ராஜாவை நோக்கித் திறந்து வைக்கும். அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மூச்சு முட்டும். டி5 என்று உடனே திருப்பிக் கொடுங்கள். மந்திரி அதை வெட்டினால் குதிரை எஃப்6. மந்திரி எஃப்7-ஐ வெட்டி, நம் ராஜா அதை வெட்டி, அவர் நம் ராணியை எடுத்தால் பதறாதீர்கள். மந்திரி பி4 செக் அவர் ராணியைத் திருப்பி வாங்கித் தரும். கணக்குப் பார்த்தால் ஆளுக்கு ஐந்து சிப்பாய்.

கடிகாரத்தைப் பற்றி ஒரே வார்த்தை: 15 நிமிட ஆட்டத்தில் இரண்டாவது நகர்த்தலுக்கு ஆறு நிமிடம் யோசித்து, கடைசியில் டி5 வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை முதல் நொடியிலேயே வைத்திருக்கலாம்.

தோற்றபின் நான் செய்த தவறு வேறு. அந்த ஜி4-ஐ நொறுக்க ஆறு மாதம் படித்தேன், பன்னிரண்டு நகர்த்தல் வரை மனப்பாடம். அடுத்த ஆண்டு அதே மண்டபத்தில் அதே பெரியவர், எனக்கு மறுபடி கறுப்பு. 1.இ4 வைத்தார். எல்லோரும் ஆடும் ருய் லோபஸ் தொடக்கம்! அதற்குள் என்ன ஆடுவதென்று எனக்கு மறந்தே போயிருந்தது.

இப்போது தக்கலையில் ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வரிசைகளை ஒப்பிக்கச் சொல்வதில்லை. ஒருவனுக்கு வெள்ளையைக் கொடுத்து, முதல் நகர்த்தலை மட்டும் சீட்டு எடுத்து வைக்கச் சொல்கிறேன். ஏ4 வரும், எச்3 வரும், ஒருநாள் எஃப்3 வந்தது. கறுப்புக்காரன் ஒவ்வொரு முறையும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, “இது எந்தக் கட்டத்தை விட்டுக்கொடுத்தது?” என்று உரக்கச் சொன்னபின்தான் காயைத் தொடலாம்.