வாளையார் சாலையில் டேங்கர் கவிழ்ந்தால் ஊராட்சி செய்ய வேண்டியவை

வண்டியருகே யாரையும் விடாதீர்கள். வண்டியைப் பார்த்து நின்றால் காற்று முதுகில் அடிக்கிற பக்கமாக, 100 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பாலக்காட்டுக் கணவாயில் திசைதான் உயிர்: தென்மேற்குப் பருவத்தில் காற்று கோவைப் பக்கம் அடிக்கும், மார்கழி, தையில் பாலக்காட்டுப் பக்கம் திரும்பும். கம்பில் ரிப்பன் கட்டிப் பாருங்கள்.

டேங்கரின் ஆரஞ்சுப் பலகையிலுள்ள நான்கு இலக்க எண்ணைத் தூரத்திலிருந்தே, செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். 1075 எல்பிஜி, 1005 அம்மோனியா. 112-ஐ அழைத்ததும் அந்த எண்ணையும் மாவட்டப் பெயரையும் சொல்லுங்கள். இது தமிழக-கேரள எல்லை, அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடலாம்.

எல்பிஜி காற்றைவிடக் கனம், சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கும். சுவிட்சைப் போட்டாலும் தீப்பொறி, அணைத்தாலும் தீப்பொறி. அதனால் மின்சாரத்தைத் துணைமின் நிலையத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். டேங்கரில் தீ பற்றினால் சுற்றிலும் 1600 மீட்டர் காலியாக வேண்டும்.

அம்மோனியாவில் வேறு கவலை. வெண்புகையைத் தண்ணீர்த் தூவலால் அடக்கலாம். தேங்கிய திரவத்தின் மேல் நேரே ஊற்றினால் ஆவி இன்னும் பெருகும். அந்தத் தண்ணீரை மணல் மூட்டை போட்டு மறியுங்கள், ஆற்றில் சேர்ந்தால் மீன்கள் செத்து மிதக்கும். மக்களைக் காற்றுக்குக் குறுக்கே நடத்துங்கள். ஒலிபெருக்கி அறிவிப்பு தமிழிலும் மலையாளத்திலும் போகட்டும்.